கடப்புறம் போன கதையில் தலித் எங்கே?

எங்கள் காலனியைச் சேர்ந்த ஒரு பெண் சிறுகதை எழுதியிருக்கிறாள். எனக்கு அண்ணன் மகள் முறை. கதை இவ்வளவுதான்: நாலு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகர்கோவிலில் டவுன் பஸ் பிடித்துச் சொத்தவிளைக் கடப்புறத்துக்குப் போகிறார்கள். ஒருத்தி அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். ஒருத்தி குப்பை வண்டி தள்ளுகிறவள். ஒருத்தி கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறவள். நாலாமத்தவள் நடவுக்கும் களைபறிப்புக்கும் போகிற வயசாளி. மற்ற மூன்று பேருக்கும் அத்தை முறை. தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கொண்டு போகிறார்கள். மணலில் உட்கார்ந்து தின்கிறார்கள். அத்தைக்காரி சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறாள். ஒரு அலை வந்து அவளைத் தள்ளி உட்கார வைத்துவிடுகிறது. சிரிக்கிறார்கள். முறுக்கான் போடுகிறார்கள். இருட்டுவதற்கு முன்னால் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறார்கள். கதை முடிந்தது.

இந்தக் கதையை அவள் ஒரு தலித் சிறுகதைத் தொகுப்புக்கு அனுப்பினாள். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் தலித் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

அனுப்புவதற்கு முன் கதையை என்னிடம்தான் காட்டினாள். முப்பது வருஷமாகக் கூட்டம், ஊர்வலம், துண்டறிக்கை, விமர்சனம் என்று ஓடிக்கொண்டிருக்கிற ஆள் நான். படிக்கும்போது என் மனசு ஒரு இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடப்புறத்தில் பக்கத்தில் உட்கார்ந்த குடும்பம் எழுந்து தள்ளிப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. கடைக்காரன் தண்ணீர் கொடுக்க மாட்டான் என்று பார்த்தேன். கொடுத்துவிட்டான். கடைசி வரியில் எனக்கு வந்தது ஏமாற்றம். நாலு பெண்கள் ஒரு நாள் அவமானப்படாமல் வீடு திரும்பியதில் எனக்கு ஏமாற்றம்! இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

“மக்களே, பஸ்ஸுல ஒரு சின்ன சம்பவம் வச்சா கதை நிக்கும்” என்று சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா, அண்ணைக்கி யாரும் ஒண்ணும் சொல்லல்ல. நடக்காதத எழுதச் சொல்லுதிய. நடந்ததுல என்ன கொறச்ச?”

எனக்குப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் பார்த்ததுதான்.

முதலில் எங்கள் ஊர் இலக்கியத்தைப் பார்ப்போம். நாஞ்சில் நாடு என்றால் வாசகருக்கு ருசி ஞாபகம் வரும். அவியல், எரிசேரி, புளிசேரி, சக்கைப் பிரதமன். நாஞ்சில் நாடன் எழுத்தில் சாப்பாடு ஒரு பாத்திரமாகவே வரும். அதைச் சப்புக்கொட்டிப் படிக்காத ஆள் கிடையாது, நானும் படித்திருக்கிறேன். பந்தியிலிருந்து எழுப்பப்படுகிற பசியையும் அவர் எழுதியிருக்கிறார், இல்லை என்று சொல்ல முடியாது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நாவலில் தாமோதர ஆசான் கதை சொல்ல, சுற்றி உட்கார்ந்து கேட்பதற்குப் பையன்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று எந்த விமர்சகனும் கேட்டதில்லை. இதில் பிரச்சினை எங்கே என்றும் கேட்டதில்லை. ஊர்க்கதை கேட்பது அங்கே இலக்கியமாகவே இருந்துவிட்டுப் போகிறது.

எங்கள் பக்கம் வந்தால் கணக்கு மாறுகிறது. நாங்கள் சோற்றைப் பற்றி எழுதினால் அது பசியாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி எழுதினால் அது மறுக்கப்பட்ட தண்ணீராக இருக்க வேண்டும். ருசி ஒரு சாதிக்கு, பசி இன்னொரு சாதிக்கு என்று இலக்கியத்திலும் ஒரு வேலைப் பிரிவினை நடந்திருக்கிறது. இதைச் செய்தது ஆதிக்க சாதி வாசகன் மட்டும் அல்ல. நாமும் வரிசையில் நின்று அந்த வேலையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம்.

ஓய்வும் சந்தோஷமும் அரசியலுக்குச் சம்பந்தமில்லாத சின்ன விஷயங்கள் என்று நினைக்கிறவர்கள் திருவிதாங்கூர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்த ராஜ்யத்தோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அங்கே சாணார் என்று அன்றைக்குக் குறிக்கப்பட்ட மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கக் கூடாது. பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. அவர்களுக்கே அந்தக் கதி. அவர்களுக்கும் கீழே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த பறையருக்கும் புலையருக்கும் என்ன இருந்திருக்கும்? அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனமே 1855-இல்தான் வந்தது.

அந்தப் பட்டியலை ஒருதரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். குடை, செருப்பு, நகை, மாடியில் வரும் காற்று. இவை எல்லாம் சின்னச் சின்னச் சுகங்கள். உழைப்பைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு அது போதவில்லை. உழைத்தவன் வெயிலுக்கு ஒரு குடை பிடித்து நிம்மதியாக நடப்பதையும் அவனால் தாங்க முடியவில்லை. எங்களுடைய சந்தோஷம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களை அடக்கியவனுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. மயிலாடியில் மகராசன் வேதமாணிக்கம் என்ற எங்கள் சாம்பவர் குலத்து மனிதர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806-இல் இந்தப் பக்கம் வந்தார். 1815-இல், கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்று உத்தரவு வந்தது. ஊழியம் என்றால் கூலி இல்லாத அரசாங்க வேலை. உத்தரவு தாளில்தான் இருந்தது. அடிமையாக இருந்தவனுக்கு எஜமான் விட்டால்தான் ஞாயிறு. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் ‘இன்றைக்கு வர மாட்டேன்’ என்று சொல்லலாம் என்ற நினைப்பு இந்த மண்ணில் அப்படித்தான் முளைத்தது. கோவிலுக்குப் போனார்கள், ஜெபம் பண்ணினார்கள் என்று மிஷன் எழுதி வைத்தது. ஜெபம் முடிந்த பிறகு அந்த மத்தியானத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? எங்கே உட்கார்ந்தார்கள்? எதற்குச் சிரித்தார்கள்? அது எந்த ஏட்டிலும் இல்லை. என் அண்ணன் மகள் எழுதியிருப்பது அந்த மத்தியானத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அய்யன்காளி 1893-இல் வில்வண்டி வாங்கி வெங்ஙானூர்ப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். வெங்ஙானூர் இங்கிருந்து தூரம் இல்லை. அந்த வண்டியை நாம் மேடையில் நூறு முறை ஓட்டியிருக்கிறோம். வழிமறித்தார்கள், அவர் எதிர்த்து நின்றார் என்று பேசியிருக்கிறோம். அவ்வளவும் உண்மைதான். ஆனால் சொந்தக் காசில் வாங்கிய வண்டியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தபோது அந்த மனுஷனுக்கு முகத்தில் காற்று அடித்திருக்குமே? அந்தக் காற்றைப் பற்றி நானும் ஒரு மேடையிலும் பேசியதில்லை. வண்டியில் போகும் சந்தோஷம் வேண்டாம், உரிமை மட்டும் போதும் என்று ஒருத்தன் வண்டி வாங்குவானா?

அம்பேத்கர் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார். 1945-இல் வந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?’ நூலில் காந்தியத்தைப் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரத்தை வெறுக்கிற போக்கை எதிர்த்து வாதாடும்போது அவர் போய்ச் சேருகிற இடம் ஓய்வு. வயிற்றுக்காக நாள் முழுக்கப் பாடுபடுகிறவனுக்கு விலங்கு வாழ்க்கையைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. மனுஷனாக வாழவும் பண்பாட்டை உண்டாக்கவும் ஓய்வு வேண்டும். ஜனநாயக சமூகம் அந்த ஓய்வை ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சொன்னதோடு விடவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது, சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டமும், ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆகக் குறைத்த 1946-ஆம் வருஷத்துத் திருத்தமும் வந்தன. வயலின் கற்றுக்கொண்டார், நாய்களைச் செல்லமாக வளர்த்தார் என்றெல்லாம் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. நாம் அவற்றைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். மற்றவர்களுக்கு ஓய்வு கேட்ட அந்த மனுஷன், இறந்துபோன இரவிலும் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் அவரிடமிருந்து அந்த இரவை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த 48 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நம்முடைய எழுத்துக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ (1992) வந்தபோது எல்லாரும் எதைப் பேசினோம்? ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தை. அது பேச வேண்டிய இடம்தான். ஆனால் அந்தப் புத்தகம் ஊரின் அழகையும் மலைகளையும் சொல்லித்தான் தொடங்குகிறது. சிறுபிள்ளை விளையாட்டு, திருவிழா, தின்பண்டம் எல்லாம் அதில் மண்டிக் கிடக்கின்றன. பாடத்திட்டத்தில் ஏறிய ‘கருக்கு’ வேறு, படித்த ‘கருக்கு’ வேறு என்று நான் சொல்லுவேன். பரீட்சைக் கேள்வித்தாளில் விளையாட்டுக்கு மார்க் கிடையாது. 1996-இல் அவர் ‘கிசும்புக்காரன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். தலைப்பிலேயே குறும்பு. அதையும் நாம் ‘நகைச்சுவை வழியான எதிர்ப்பு’ என்று சொல்லித்தான் உள்ளே விட்டோம். சிரிப்புக்கும் அடையாள அட்டை கேட்டோம்.

ராஜ் கௌதமன் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. ‘தலித் பண்பாடு’ (1993) நூலில் அவர், ஆதிக்கப் பண்பாடு இழிவு என்று ஒதுக்கியதை எல்லாம் கலகத்தின் மூலப்பொருளாக எடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த நாட்களில் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய திறப்பு என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மாட்டுக்கறி தின்கிறதற்கும், சத்தமாகச் சிரிக்கிறதற்கும், தண்ணியடித்துவிட்டு ஆடுகிறதற்கும் நாங்கள் வெட்கப்படாமல் நிமிர்ந்தோம். ஆனால் அதிலிருந்து நாங்கள் இன்னொரு தவறான பாடத்தைப் படித்துக்கொண்டோம். தின்றாலும் கலகம், சிரித்தாலும் கலகம், ஆடினாலும் கலகம். மாட்டுக்கறி ருசியாக இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பழையவன் எங்கள் சந்தோஷத்தைத் தடுத்தான். நாங்கள் அதற்கு வேலை கொடுத்தோம். இரண்டிலும் அது சும்மா இருக்க முடியவில்லை.

அதே ராஜ் கௌதமன் 2002-இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். அதில் கோட்பாட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ள, பையன் வெளியே வந்துவிட்டான். தன்னையே கிண்டல் செய்கிறவன், ஊர் சுற்றுகிறவன், எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கிறவன். பிறகு 2004-இல் ‘லண்டனில் சிலுவைராஜ்’. புதுப்பட்டிச் சேரியில் பிறந்த ஒருத்தன் லண்டனைச் சுற்றிப் பார்த்த கதை. நம் பத்திரிகைகளில் இந்தப் புத்தகத்தைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது? முதல் நாவலைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. சுற்றிப் பார்க்கப் போன தலித்தை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. 2024 நவம்பரில் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் ஆய்வாளர் இருந்தார், கோட்பாட்டாளர் இருந்தார். சிலுவைராஜின் பயணப் பையைத் தேட வேண்டியிருந்தது.

எங்கள் நாகர்கோவில் கவிஞர் என்.டி. ராஜ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தெறி’ (1997), ‘ஒடக்கு’ (1999) என்று தலைப்பே அறைகிற மாதிரி இருக்கும். எங்கள் பேச்சில் தெறி என்றால் வசை. அவர் கவிதையில் மந்திரவாதமும் மலையாளம் கலந்த பேச்சும் சாமிகளும் துள்ளும். விமர்சகர்கள் அதில் கோபத்தைப் பார்த்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் கோபத்துக்குள் சொல்லை வாயில் போட்டு மெல்லுகிற ஒரு ஆனந்தம் இருக்கிறது. ஆசைதீரத் திட்டுகிறவனுடைய ஆனந்தம். அதைத் தனியாக எடுத்துச் சொன்ன கட்டுரையை நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை.

இதற்கு நம் தோழர்களிடம் ஒரு பதில் உண்டு. எனக்குத் தெரியும், நானே அதைப் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். ‘வீடு எரியும்போது கடப்புறம் போகலாமா?’ நாம் எல்லாவற்றையும் மறந்து சினிமாவும் டாஸ்மாக்கும் என்று கிடக்க வேண்டும் என்பதுதானே அவர்கள் ஆசை என்பார்கள். அரசியலிலிருந்து விடுப்பு எடுப்பது நம் கையிலா இருக்கிறது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே. அந்த ஊர்ச் சனம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள். அரசியல் தண்ணீர்க் குழாய் வழியாக வந்தது.

இந்தக் கேள்வி நியாயமானது. இதைத் தாண்டிக் குதிக்க எனக்கு இஷ்டம் இல்லை. சாதி ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. ஆனால் அதனால்தான் சொல்கிறேன்: அவன் எந்த நாளை எடுத்துக்கொள்வான் என்று நமக்குத் தெரியாதபோது, அவன் எடுக்காமல் விட்ட நாளையும் நாமே கொண்டுபோய் அவன் கணக்கில் எழுத வேண்டுமா? மயங்கிக் கிடப்பது வேறு, இளைப்பாறுவது வேறு. மயங்கினவனுக்கு மறுநாள் தலை தூக்காது. அந்த நாலு பெண்களும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனார்கள். அதில் குப்பை வண்டி தள்ளுகிறவள் அடுத்த வாரம் சம்பள பாக்கி கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். இதை அவள் தெம்புக்குக் காரணம் கடல் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. நிரூபிக்கப் போனால் நான் மறுபடியும் கடலுக்கு வேலை கொடுத்தவன் ஆகிவிடுவேன். அவள் உட்காராமல் இருந்திருந்தாலும் அந்த ஞாயிறு அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று விட்டுப்போன கடிதத்தை நாம் எல்லாரும் படித்தோம். விஞ்ஞானத்தையும் நட்சத்திரங்களையும் இயற்கையையும் நேசித்த ஒரு பையன், விஞ்ஞானம் பற்றி எழுதுகிற எழுத்தாளனாக ஆசைப்பட்ட பையன், மனுஷனை அவனுடைய உடனடி அடையாளத்துக்குள் சுருக்கிவிடுகிறார்களே என்று வருத்தப்பட்டான். நாம் அந்தச் சாவுக்கு நீதி கேட்டோம். இன்னும் கேட்க வேண்டும். ஆனால் அவன் சொன்ன அந்தச் சுருக்குகிற வேலை நம் கையாலும் நடக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ள வேண்டாமா? கடலைப் பற்றி எழுதிய பெண்ணிடம் ‘தலித் எங்கே’ என்று கேட்டது வேறு என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இயக்கத்து ஆம்பிளைகளான எங்களுக்கு ஓய்வு எப்போதும் இருந்திருக்கிறது. கூட்டம் முடிந்து டீக்கடையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசியது ஓய்வு இல்லாமல் என்ன? மதுரை மாநாட்டுக்கு ஒரே வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு போனது உல்லாசம் இல்லாமல் என்ன? அதற்கு ‘அரசியல்’ என்று பேர் வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பேரும் கிடைக்கவில்லை. என் அம்மை கடலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் எழுபது வருஷம் வாழ்ந்தாள். கடலைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டும் ஆடி அமாவாசைக்கு, கன்னியாகுமரியில் பலி போட. முதல் தடவை அவளுக்க அப்பனுக்கு, இரண்டாவது என் அப்பாவுக்கு. செத்தவர்களுக்காகத்தான் அவள் கடலில் கால் வைத்தாள். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நடுவில் அவளுக்கு ஓய்ந்த நாட்கள் உண்டு. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அப்போது பொதுவேலை இருந்தது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், ‘ஓசியில ஊர் சுத்துறாளுக’ என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொன்னவர்கள், ‘அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், மிச்சமாகிற காசு வீட்டுக்கு ஆகிறது’ என்று கணக்குக் காட்டினார்கள். நல்ல பதில்தான். ஆனால் ‘ஆமா, ஊர்தான் சுத்துறாளுக, சுத்தட்டும், உனக்கென்ன?’ என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லுகிற கதை நம் கையில் வந்தது. நாம் திருப்பி அனுப்பினோம்.

விமர்சகனாக நான் என்ன கேட்கிறேன்? வலியை எழுதாதே என்று கேட்கவில்லை. எழுத வேண்டியது இன்னும் மலையாகக் கிடக்கிறது. வலி இருக்கிற இடத்தில் வலியைப் படிப்போம். இல்லாத இடத்தில் அதைத் தோண்டாமல் இருப்போம். ஒரு கதையில் கிழங்கு வெந்திருக்கிறதா, சாளைக் கறியில் புளி சரியாக இருக்கிறதா, அலை தள்ளும்போது அந்த அத்தைக்காரி உண்மையாகவே விழுகிறாளா என்று பார்க்கிறதும் விமர்சனம்தான். அந்தக் கதையை மறுபடி படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது. அத்தைக்காரி உண்மையாகவே விழுகிறாள். ஆனால் முடிவுக்கு முன்னால் சூரியன் மறைவதை ஒரு பத்தி வர்ணித்திருக்கிறாள், அது வேண்டாம். அந்த நேரத்தில் அவர்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். இதுதான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய அபிப்பிராயம்.

போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “அந்தப் பத்தி நானும் வேண்டாம்னுதான் நெனச்சேன் சித்தப்பா” என்றாள். பிறகு, “ஒரு நாளு நீங்களும் வாருங்க. நோட்டுப் புத்தகத்த வீட்டுல வச்சிட்டு வாருங்க” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மாவட்டச் செயற்குழு அன்றைக்குத்தான். வர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். உடம்புக்குச் சரியில்லை என்று பொய் சொன்னேன். கடப்புறம் போகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முதல் அரை மணி நேரம் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கிழங்கு வந்தது.